யார் அந்த ‘இல்’?

பிரெஞ்சு படிக்கிற எல்லோரும் மூன்றாவது நான்காவது மாதத்தில் ஒரு கட்டத்தைச் சந்திப்பார்கள். ‘கட்டாயத்தைத் தெரிவித்தல்’ என்று தலைப்பு. இடது பக்கம் நாலு வடிவம்: இல் ஃபோ, துவ்வார், அவ்வார் ஆ, எத்ர் ஒப்லிழே த. நம் ஊரில் அச்சாகிற புத்தகமாக இருந்தால் வலது பக்கம் ஆங்கிலம்: மஸ்ட், ஹேவ் டு, ஷுட். கீழே பொடி எழுத்தில் ஒரு எச்சரிக்கை: ‘இல் ஃபோ க’ என்று வந்தால் அடுத்த வினையை சப்ஜன்க்டிவில் போடவும். பிறகு பத்துக் கோடிட்ட இடங்கள். நிரப்பினால் பாடம் முடிந்தது. அடுத்த பாடம் சமையலறைப் பொருட்கள்.

அந்தக் கட்டத்தின் மேல் எனக்குப் பல வருடக் கோபம். நாலு வடிவமும் ஏறக்குறைய ஒன்றுதான், அழுத்தம்தான் கூடக்குறைய என்று அது சொல்லிக்கொடுக்கிறது. டீக்குச் சர்க்கரை தூக்கலா கம்மியா என்கிற மாதிரி. பிரெஞ்சில் ஒரு கட்டாயத்தைச் சொல்ல வாயெடுத்தால் முதலில் தீர்மானமாகிற விஷயம் ஆட்கள். யார் விதிக்கிறார், யார் தலையில் விழுகிறது, விதித்தவர் வாக்கியத்துக்குள் தெரிகிறாரா, ஒளிந்துகொள்கிறாரா. இதைச் சொல்லாமல் சப்ஜன்க்டிவ் பட்டியலை மனப்பாடம் செய்யச் சொல்கிற ஆசிரியர், பூட்டைக் கொடுத்துவிட்டுச் சாவியைத் தன் பையில் போட்டுக்கொள்கிறார்.

பொழுதுபோக்குக்குப் பிரெஞ்சு படிப்பவருக்கு இதனால் பெரிய நட்டம் ஒன்றுமில்லை. ஒரு சினிமா வசனம் கொஞ்சம் தட்டையாகக் கேட்கும், அவ்வளவுதான். ஆனால் தமிழர்களில் பிரெஞ்சு படிப்பவர்கள் எல்லோரும் அப்படிப் படிப்பதில்லை. கார்டுக்காகப் படிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் வருகிறேன். முதலில் இலக்கணம்.

‘இல் ஃபோ’ என்பது ‘ஃபல்வார்’ என்ற வினையின் நிகழ்காலம். இந்த வினைக்கு நான், நீ, நாங்கள் எதுவும் கிடையாது. ‘ழ ஃபோ’ என்று ஒரு பிரெஞ்சுக்காரர் சொல்லவே மாட்டார். எந்தக் காலத்துக்குப் போனாலும் படர்க்கை ஒருமைதான்: இல் ஃபோ, இல் ஃபலே, இல் ஃபோத்ரா. ஏவல் வடிவம்கூட இல்லை. கட்டளையிட்டே பிழைப்பு நடத்துகிற ஒரு வினைக்குக் கட்டளை வடிவம் இல்லை என்பது எனக்கு இன்றைக்கும் வேடிக்கையாக இருக்கிறது. முன்னால் நிற்கும் ‘இல்’ மற்ற இடங்களில் ‘அவன்’, ‘அவர்’ என்று பொருள்படும் சொல். இங்கே யாரையும் குறிக்காது. வாக்கியத்துக்கு ஒரு எழுவாய் இருந்தாக வேண்டும் என்பது பிரெஞ்சின் விதி. அதற்காக நிறுத்திவைத்த வைக்கோல் பொம்மை அது. (தமிழ்க் காதுக்கு ‘இல்’ என்றாலே ‘இல்லை’ என்றுதான் கேட்கும். தற்செயல்தான். ஆனால் நினைவில் வைத்துக்கொள்ள வசதி.)

இப்போது நம்முடைய ‘வேண்டும்’. நான் போக வேண்டும், நீ போக வேண்டும், அவர்கள் போக வேண்டும். ஆள் மாறுகிறார், வினை மாறுவதில்லை. கடைசியில் இருக்கும் அந்த ‘உம்’, ‘அது வரும்’, ‘மழை பெய்யும்’ என்பதில் வருகிற அதே அஃறிணை ‘உம்’. அதாவது நம் கட்டாய வினைக்குள்ளேயும் ஒரு ‘அது’ உறைந்துபோய்க் கிடக்கிறது. ‘எனக்கு ஒரு பேனா வேணும்’ என்பதைப் பிரெஞ்சில் ‘இல் ம ஃபோ அன் ஸ்தீலோ’ என்று வைக்கலாம். அந்த ‘ம’ நம் நான்காம் வேற்றுமை, ‘எனக்கு’. பேனா தேவைப்படுவதற்கும் போக வேண்டியிருப்பதற்கும் ஒரே வினை, தமிழிலும் பிரெஞ்சிலும். ஆங்கிலத்தில் அமைப்பு வேறு. அங்கே ‘ஐ’ முன்னால் வந்து நெஞ்சை நிமிர்த்தி நிற்கும், ஐ நீட், ஐ மஸ்ட் என்று. அப்படியிருக்க, தமிழ் பேசுகிற ஒருவருக்கு ‘இல் ஃபோ’வை ஆங்கிலம் வழியாகச் சொல்லித்தருவது, மயிலாப்பூரிலிருந்து திருவல்லிக்கேணிக்குத் தாம்பரம் வழியாகப் போகிற கதை.

சுற்றிப் போனாலும் போய்ச் சேர்ந்தால் பரவாயில்லை. எதிர்மறை வந்தால் வண்டி கவிழ்கிறது. ‘இல் ஃபோ’ என்றால் ‘ஹேவ் டு’ என்று மனதில் எழுதிவைத்தவர், ‘இல் ந ஃபோ பா சீஞே’ என்று கேட்டவுடன் ‘கையெழுத்துப் போட வேண்டிய அவசியமில்லை’ என்று எடுத்துக்கொள்வார். ஏனென்றால் ஆங்கிலத்தில் ‘டோன்ட் ஹேவ் டு’ அப்படித்தான். பிரெஞ்சில் அது தடை: கையெழுத்துப் போடக் கூடாது. ‘போட வேண்டியதில்லை, உங்கள் இஷ்டம்’ என்று சொல்ல வேறு வாக்கியம்: ‘வு நெத் பாஸ் ஒப்லிழே த சீஞே’. ஒரு ஒப்பந்தத்தின் முன்னால் பேனாவோடு உட்கார்ந்திருப்பவருக்கு இந்த இரண்டுக்கும் உள்ள தூரம் சின்னதா?

தமிழில் இதற்கு மூன்று சொல் தயாராக இருக்கிறது. போட வேண்டாம், போடக் கூடாது, போட வேண்டியதில்லை. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் நாம் இதைக் குழப்ப மாட்டோம். ‘கூடாது’வை நேராக ‘இல் ந ஃபோ பா’வின் பக்கத்தில் வைக்கலாம், ‘வேண்டியதில்லை’யை ‘ஒப்லிழே’யின் எதிர்மறைக்குப் பக்கத்தில் வைக்கலாம். ‘ஃபோ பா தன்கியெதே’ என்று ஒருவர் தோளைத் தட்டிச் சொல்லும்போது மட்டும் நம் ‘வேண்டாம்’ வரும்: கவலைப்பட வேண்டாம். ‘த்யூ நா பா ஆ’ என்ற இன்னொன்று இன்னும் குறும்பானது. ‘நீ விளக்கம் சொல்ல வேண்டியதில்லை’ என்று ஆறுதலாகவும் வரும். ‘என்கிட்ட இப்படிப் பேச உனக்கு உரிமை இல்லை’ என்று கோபமாகவும் வரும். பத்துக் கோடிட்ட இடங்களில் இதெல்லாம் இடம்பெறுமா? சப்ஜன்க்டிவ் மட்டும் இடம்பெறும். ஏனென்றால் அதற்குத்தான் மதிப்பெண் போடுவது சுலபம்.

சொற்களின் வேரைத் தோண்டி இன்றைய பொருளைத் தீர்ப்பளிப்பது ஒரு வியாதி, எனக்கு அதில் நம்பிக்கை கிடையாது. ஆனால் இந்த வினைகளின் வேர்கள் மேலேயே தெரிகின்றன, தோண்டவே தேவையில்லை. ‘ஃபல்வார்’ லத்தீனில் ஏமாற்றுவது, தவறிப்போவது என்று பொருள்படும் வினையிலிருந்து வந்தது. ஒன்று தவறுகிறது, குறைகிறது, ஆகவே அது தேவை, ஆகவே நீ செய். ‘ஃபோத்’ (தவறு), ‘ஃபோ’ (பொய்யான) எல்லாம் அதே குடும்பம். ‘பொய்யான’ என்ற சொல்லும் ‘வேண்டும்’ என்ற சொல்லும் வாயில் ஒரே ஒலிதான். ‘துவ்வார்’ வேறு குடும்பம். அது கடன். ‘ழ த துவா வான் எரோ’ என்றால் உனக்கு நான் 20 யூரோ தரணும். அதே வினைக்குப் பின்னால் இன்னொரு வினையைப் போட்டால் கட்டாயம். அதையே பெயராக்கினால் கடமை; பன்மையில் பள்ளிக்கூட வீட்டுப்பாடம். ‘ஒப்லிழே’ கயிறு. கட்டுண்டவர். நன்றி சொல்லும்போது பழைய மரியாதைப் பிரெஞ்சில் ‘ழ வு சுய்ஸ் ஒப்லிழே’ என்பார்கள். நாம் மேடையில் ‘கடமைப்பட்டிருக்கிறேன்’ என்கிறோமே, அதேதான்.

ஆக ஒன்று குறை, ஒன்று கடன், ஒன்று கயிறு. நம் ‘வேண்டு’வோ விருப்பத்திலிருந்தும் இரப்பதிலிருந்தும் வருகிறது: வேண்டுதல், வேண்டுகோள். ஆனால் கடனும் கடமையும் நமக்கும் ஒரே வேர்தான். காலைக்கடன், நேர்த்திக்கடன், இறுதிக்கடன் என்று பட்டியல் போடுகிற மொழிக்குத் ‘துவ்வார்’ அந்நியமே இல்லை. இதைச் சொல்லித்தர ஆங்கில ‘மஸ்ட்’ எதற்கு?

கடன் என்றால் ஒருவர் கொடுக்க வேண்டும், இன்னொருவர் வாங்க வேண்டும். இந்த இருவரையும் பெயர் சொல்லி நிறுத்துகிற வாக்கியத்தைப் பார்க்கப் பிரெஞ்சுக் குடிமையியல் சட்டத்தொகுப்புக்குப் போகலாம். 1804இல் நெப்போலியன் காலத்தில் வந்தபோது அதன் 213வது பிரிவு, கணவன் மனைவிக்குப் பாதுகாப்பும் மனைவி கணவனுக்குக் கீழ்ப்படிதலும் ‘கடன்பட்டவர்கள்’ என்றது. வினை ‘துவ்வார்’தான். அந்தக் கீழ்ப்படிதல் 1938 பிப்ரவரியில்தான் சட்டத்திலிருந்து போனது. 134 வருடம். (1881 ஆணைப்படித் தங்கள் சொந்தச் சட்டத்தைத் துறந்து இந்தத் தொகுப்புக்குள் வந்த புதுச்சேரித் தமிழ்க் குடும்பங்களும் உண்டு. சாதி வழக்கத்திலிருந்து வெளியே வந்த பெண்ணுக்கு வாசலில் காத்திருந்தது இந்த 213.) இன்றைக்கும் 371வது பிரிவு, பிள்ளை எந்த வயதிலும் தாய் தகப்பனுக்கு மரியாதை கடன்பட்டது என்கிறது. 212வது பிரிவு தம்பதியர் ஒருவருக்கொருவர் மரியாதை, விசுவாசம், உதவி, துணை கடன்பட்டவர்கள் என்கிறது. இதில் ‘மரியாதை’ 2006இல்தான் சேர்ந்தது. பிரிவுகள் உங்களுக்குப் பிடிக்கலாம், பிடிக்காமல் போகலாம். ஆனால் யார் யாருக்கு என்று எழுதியிருக்கிறது. எழுதியிருப்பதால்தான் கீழ்ப்படிதலைப் பிடித்து வெளியே இழுத்துப்போட முடிந்தது.

அதே ‘துவ்வார்’ பின்னால் இன்னொரு வினையை ஏற்றுக்கொண்டவுடன் கடன் கொடுத்தவர் மாயமாகிறார். ‘வு துவே அதாந்த்ர்’: நீங்கள் காத்திருக்க வேண்டும். யாருக்குக் கடன்? தெரியாது. ஆனால் கடன்பட்ட ‘நீங்கள்’ வாக்கியத்தில் இருக்கிறீர்கள். ‘இல் ஃபோ அதாந்த்ர்’ என்றால் நீங்களும் போய்விட்டீர்கள். காத்திருத்தல் மட்டும் இருக்கிறது, ஒரு பருவநிலை மாதிரி. ‘ஒப்லிழே’ இந்த விஷயத்தில் கொஞ்சம் நேர்மையானது. ‘யாரால்?’ என்று கேட்க அதில் இடம் இருக்கிறது. மரபான இலக்கணம் ஒரு நுட்பமும் சொல்லும்: கட்டாயப்படுத்தியவரைச் சொன்னால் அடுத்த வினைக்கு முன் ‘ஆ’, சொல்லாவிட்டால் ‘த’. ஆள் போனால் இடைச்சொல்கூட மாறுகிறது. இதை ஒரு வகுப்பில் சொன்னால் மாணவர்கள் நிமிர்ந்து உட்கார மாட்டார்களா?

வாரக் கடைசியில் பாரிஸ் புறநகர் ஒன்றில் சிலருக்கு நான் பிரெஞ்சு சொல்லிக்கொடுக்கிறேன். பெரும்பாலும் யாழ்ப்பாணம், கிளிநொச்சிப் பக்கத்து ஆட்கள். உணவக வேலை, துப்புரவு வேலை முடித்துவிட்டு வருபவர்கள். ஒருநாள் ‘இல் ஃபோ’ பாடம். அம்பது வயதிருக்கும் ஒரு அக்கா கையை உயர்த்தினார்.

“தம்பி, உந்த ‘இல்’ ஆர்?”

“யாரும் இல்லை அக்கா. சும்மா நிக்கிற சொல்.”

“சும்மா நிக்கிறவர் எப்பிடி எங்களை வரச் சொல்லுறார்?”

வகுப்பு சிரித்தது. ஒரு அலுவலகத்தில் அவருக்கு ‘இல் ஃபோ க வு ருவ்னியே’ என்று சொல்லியிருந்தார்கள். மூன்றாவது தடவை. அதைத் தமிழில் சொல்லுங்கள் என்றேன். யோசிக்காமல் சொன்னார்: “திரும்பவும் வரவேணுமாம்.”

அந்த ‘ஆம்’தான் விஷயம். ‘வரவேணும்’ என்று அவர் நிறுத்தியிருந்தால் அது அவருடைய கட்டாயம் ஆகியிருக்கும். ‘வேணுமாம்’ என்றவுடன், இதைச் சொன்னது வேறொருவர், நான் கொண்டுவந்து சேர்ப்பிக்கிறேன், என் பொறுப்பில்லை என்று மூன்று செய்தி ஒரு எழுத்தில் வந்துவிட்டது. பிரெஞ்சு வாக்கியம் ஒளித்துவைத்த ஆளைத் தமிழ் விகுதி காலரைப் பிடித்து வெளியே கொண்டுவந்தது. எந்தப் பாடநூலும் இதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. அவருடைய மொழியிலேயே இருந்தது.

மொழியியல் படித்த நண்பர்கள் இங்கே குறுக்கிடுவார்கள். என்னய்யா பேசுறீங்க, ‘இல் ப்ளொ’ என்றால் மழை பெய்கிறது, அங்கேயும் அதே வெற்று ‘இல்’தான், மழையை யார் பெய்கிறார் என்று கேட்பீர்களா, இலக்கணத்தில் எதற்கு அரசியல், தமிழிலும்தான் ஆள் ஒளிந்திருக்கிறது என்று நீங்களே சொன்னீர்களே என்பார்கள். நல்ல கேள்வி. மழையைப் பெய்ய ஆள் கிடையாது, அதனால் வெற்று எழுவாய் அங்கே பொய் சொல்லவில்லை. விதியைப் போட ஆள் உண்டு. மழைக்கும் உத்தரவுக்கும் ஒரே சட்டையைப் போட்டுவிட்டால், கேட்பவர் உத்தரவையும் குடை பிடித்து வாங்கிக்கொள்ளப் பழகுகிறார். பிரெஞ்சுக்காரர்களின் மூளை இப்படி, தமிழர்களின் மூளை அப்படி என்று நான் சொல்லவில்லை. அந்த மாதிரி வாட்ஸ்அப் தத்துவம் எனக்கு ஒவ்வாது. வசதி இருக்கிறது, அந்த வசதியை யார் பயன்படுத்துகிறார்கள் என்று பாருங்கள் என்கிறேன். தமிழிலும் ‘வேண்டும்’ என்று அறிக்கை விடுகிற அதிகாரி அதே குடைக்குள்தான் நிற்கிறார்.

‘இல் ஃபோ’வுக்கு நல்ல முகமும் உண்டு, மறைக்க மாட்டேன். விருந்துக்குப் போன வீட்டில் கிளம்பும்போது ‘ஃபோ க ழி ஆய்’ என்பார்கள். பேச்சில் ‘இல்’லையும் விழுங்கிவிடுவார்கள். ‘எனக்கு உங்களோடு இருக்கப் பிடிக்கவில்லை’ என்ற வாடையே இல்லாமல் எழுந்துபோக வழி. நாம் ‘கிளம்பணும்’ என்று யாருடைய கட்டாயமும் இல்லாத ஒரு கட்டாயத்தின் மேல் பழியைப் போட்டு எழுந்திருப்பது மாதிரி. குழந்தையைத் தூங்கவைக்கும் அம்மாவின் ‘ஃபோ தொர்மீர்’ அப்படித்தான்: நான் சொல்லவில்லை கண்ணு, இரவு சொல்கிறது. தன்னால் ஒரு துரும்பையும் நகர்த்தாமல் ஊருக்கெல்லாம் யோசனை சொல்பவரைப் பிரெஞ்சுக்காரர்கள் ‘யாகா ஃபோகோன்’ என்று கிண்டல் செய்வார்கள். ‘இதைச் செஞ்சா போதும்’, ‘நாம அதைச் செய்யணும்’ என்ற இரண்டு வாக்கியத் தொடக்கங்களை ஒட்டவைத்த பட்டப்பெயர். பெயர் இல்லாத கட்டாயத்தை மக்களே நக்கலடிக்கிறார்கள். பாடநூல்தான் அதற்கு விபூதி பூசி வைத்திருக்கிறது.

அந்த விபூதியின் பளபளப்பைக் காண ரஷ்யாவுக்குப் போகலாம். ‘கொம் இல் ஃபோ’ என்றால் ‘இருக்க வேண்டியபடி’. பிரெஞ்சில் இது ஒரு பெயரடையாகவே ஆகிவிட்டது: அவர் ரொம்ப ‘கொம் இல் ஃபோ’, அதாவது கண்ணியமானவர், நம்மவர். தல்ஸ்தோயின் ‘இளமை’யில் இந்தத் தலைப்பில் ஒரு அத்தியாயமே உண்டு. கதைசொல்லி இளைஞன் மனிதகுலத்தை ‘கொம் இல் ஃபோ’ ஆட்கள், மற்றவர்கள் என்று பிரித்துவைத்திருக்கிறான். முதல் தகுதி நல்ல பிரெஞ்சு, அதிலும் உச்சரிப்பு. பிறகு நகம். வேண்டியபடி என்றால் யாருக்கு வேண்டியபடி என்று அவன் ஒரு தடவையும் கேட்டுக்கொள்வதில்லை. கேட்டிருந்தால் அந்தக் கட்டடம் சரிந்திருக்கும். பிரெஞ்சின் தெளிவைப் பற்றி ரிவரோல் 1784இல் எழுதிப் பெர்லின் கழகத்தில் பரிசு வாங்கிய கட்டுரையை இன்றும் மேற்கோள் காட்டிப் பூரிக்கிறவர்கள் இருக்கிறார்கள். தெளிவான மொழிதான். எழுவாய், வினை, செயப்படுபொருள், வரிசை பிசகாது. எழுவாய் இடத்தில் பொம்மை நிற்கும்போதும் வரிசை பிசகாது.

கலகக்காரர்களும் தப்பவில்லை. 1968 மே மாதத்தின் புகழ்பெற்ற கோஷம் ‘இல் எத் அன்தெர்தீ தன்தெர்தீர்’, தடைசெய்வது தடைசெய்யப்பட்டிருக்கிறது. அந்தக் கிண்டல் எழுதப்பட்ட நகரத்தின் சுவர்களில் அரசு ஏற்கெனவே எழுதிவைத்திருந்தது ‘தெஃபான்ஸ் தஃபிஷே, 1881 ஜூலை 29 சட்டம்’ என்று; சுவரொட்டி ஒட்டத் தடை. கோஷம் எனக்குப் பிடிக்கும். ஆனால் அரசின் வாசகத்தில் குறைந்தது சட்டத்தின் தேதி இருக்கிறது. மாணவர்களின் வாசகத்தில் வெறும் ‘இல்’.

கார்டுக்காகப் படிப்பவர்களிடம் வருகிறேன் என்றேன். 2024 ஜனவரி 26 சட்டம் பிரெஞ்சு மொழித் தகுதியை ஏற்றியது. 2026 ஜனவரி 1 முதல் பல ஆண்டு வதிவிட அட்டைக்கு ஏ2, பத்தாண்டு அட்டைக்கு பி1, குடியுரிமைக்கு பி2. காலையில் நாலு மணிக்கு எழுந்து அலுவலகங்களைத் துடைப்பவருக்கு, ‘இல் ஃபோ க’வுக்குப் பின் சப்ஜன்க்டிவ் சரியாக வருகிறதா என்பது இப்போது சோற்றுப் பிரச்சினை. ஆகவே அதைச் சொல்லிக்கொடுக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதை மட்டும் சொல்லிக்கொடுப்பது அநியாயம் என்கிறேன்.

இறந்தகாலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ‘ழ துவே பார்தீர்’ என்றால் நான் போக வேண்டியிருந்தது. போனேனா என்பது தெரியாது, பெரும்பாலும் போகவில்லை என்ற நிழல் விழும், ‘போறதா இருந்துச்சு’ மாதிரி. ‘ழே த்யூ பார்தீர்’ என்றால் போக வேண்டியதாகிவிட்டது, போயும்விட்டேன். ‘இல் ஃபலே’க்கும் ‘இல் ஆ ஃபல்யூ’வுக்கும் அதே வித்தியாசம். இன்னொரு சிக்கல்: ‘இல் ஆ த்யூ பார்தீர்’ என்று மூன்றாம் ஆளைப் பற்றிச் சொன்னால், ‘அவர் போக வேண்டியதாகிவிட்டது’ என்றும் வரும், ‘அவர் போயிருக்க வேண்டும்’ என்ற ஊகமாகவும் வரும். சாதாரணப் பேச்சில் சூழல் காப்பாற்றிவிடும்.

அகதி விண்ணப்பத்தில் சூழல் காப்பாற்றாது. 1952 முதல் இதை விசாரிப்பது ஒஃப்ப்ரா அலுவலகம். நேர்காணலுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் உண்டு. ஆனால் விண்ணப்பப் படிவம் பிரெஞ்சில் நிரப்பப்பட வேண்டும், அதோடு போகிற கதையும் பிரெஞ்சில்தான். வழக்கமாக 21 நாள் அவகாசம். லாசப்பலில் தெரிந்தவரின் தெரிந்தவர் யாராவது எழுதிக்கொடுப்பார். “வீட்டை விட்டு வெளிக்கிடவேண்டி வந்தது” என்று இவர் சொன்னதை அவர் ‘ழ துவே’ என்று எழுதினால், வெளிக்கிட்டது கரைந்து வெளிக்கிட இருந்தது ஆகிவிடும். “தம்பி ஊரை விட்டுப் போகவேண்டி வந்தது” என்பது, படிக்கிற அதிகாரியின் கண்ணில் ‘தம்பி போயிருப்பார் போல’ என்று ஆகிவிடலாம். பிறகு நேர்காணலில் வாய்மொழி வேறு, காகிதம் வேறு. ஒரு வினை வடிவத்தால் மட்டும் மனு தள்ளுபடியாகிறது என்று நான் சொல்லவரவில்லை. வாழ்க்கையின் மிகப் பெரிய கட்டாயத்தைச் சொல்லப் போகிற மனிதருக்கு, கட்டாயத்தின் இறந்தகாலத்தைக் கோடிட்ட இடமாகக் கற்பித்து அனுப்பியிருக்கிறோம். ‘வேண்டி வந்தது’, ‘வேண்டியிருந்தது’, ‘போயிருக்க வேண்டும்’ என்று மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பலகையில் போட்டால் அரை மணி நேரத்தில் முடிகிற பாடம் இது.

தள்ளுபடியானால் வருவது ‘ஓக்யூதேஎஃப்’. பிரெஞ்சு மண்ணை விட்டு வெளியேறும் கடப்பாடு. 2006 ஜூலை 24 சட்டம் கொண்டுவந்த சொல். இங்கே வினையே இல்லை, ‘ஒப்லிகாசியோன்’ என்ற பெயர்ச்சொல். வழக்கமாக 30 நாள். நம்மாட்களிடையே அந்த நாலெழுத்து ஒரு நோயின் பெயர் போலப் புழங்குகிறது. ஆனால் கவனியுங்கள், பிரெஞ்சுக் கட்டாயங்களிலேயே மிகக் கொடிய இந்தக் காகிதத்தில்தான் எல்லாம் எழுதியிருக்கும். எந்தச் சட்டம், என்ன காரணம், யார் கையெழுத்து, எந்த நீதிமன்றத்தில் எத்தனை நாளுக்குள் எதிர்க்கலாம். எழுதியிருப்பதால் வழக்குப் போடலாம். கவுண்டரில் வாயால் சொல்லப்பட்ட ‘இல் ஃபோ’வை எந்த நிர்வாக நீதிமன்றத்தில் கொண்டுபோய்க் காட்டுவீர்கள்? அதில் தேதி கிடையாது, கையெழுத்து கிடையாது, ஆளே கிடையாது.

இந்த இடத்தில்தான் பாடநூல்காரர்களை மன்னிக்க முடியவில்லை. அந்த ‘இல்’லுக்குப் பெயர் கேட்கும் உரிமையைப் பிரெஞ்சுச் சட்டமே கொடுத்திருக்கிறது. 2000 ஏப்ரல் 12 சட்டத்தில் வந்து, இப்போது மக்கள்–நிர்வாக உறவுச் சட்டத்தொகுப்பில் இருக்கிற விதி: உங்கள் கோப்பைக் கையாளும் ஊழியரின் பெயர், பதவி, அலுவலக முகவரியை அறிய உங்களுக்கு உரிமை உண்டு. பாதுகாப்புக் காரணத்துக்காகப் பெயரை மறைக்க விதிவிலக்கு இருக்கிறது, பொது விதி இதுதான். 1979 ஜூலை 11 சட்டத்தின் காலத்திலிருந்தே, ஒருவருக்குப் பாதகமான முடிவு எடுத்தால் நிர்வாகம் காரணம் சொல்ல வேண்டும். விண்ணப்பத்தில் காகிதம் குறைந்தால் எது குறைகிறது என்று நிர்வாகம் குறிப்பிட வேண்டும், அவகாசமும் கொடுக்க வேண்டும்.

இந்தக் கடைசி விதியின் வினையைப் பாருங்கள். ‘குறிப்பிட வேண்டும்’ என்று நான் தமிழில் எழுதினேன். பிரெஞ்சில் ‘வேண்டும்’ கிடையாது. இல் ஃபோ இல்லை, துவ்வார் இல்லை, ஒப்லிழே இல்லை. வெறும் நிகழ்காலம்: ‘அன்தீக்’, குறிப்பிடுகிறது. பிரெஞ்சுச் சட்ட நடையில் நிகழ்காலமே கட்டளை. சட்டம் எழுதுபவர்களுக்கான வழிகாட்டியே ‘துவ்வார்’ போடாதே, நிகழ்காலம் போதும் என்கிறது. இது எல்லோருக்கும் பொதுவான நடைதான், நிர்வாகத்துக்கு மட்டும் செய்த சலுகை இல்லை. ஆனால் வதிவிட அட்டைக்குப் போகிறவரின் கையில் இருக்கும் பட்டியல் ‘வு துவே’, ‘இல் ஃபோ’ என்று பேசுகிறது. அவருக்கு அந்தச் சொற்கள் தெரியும், அது கட்டாயம் என்று புரிகிறது. அலுவலகத்தின் கடமையைச் சொல்லும் வாக்கியமோ, நிர்வாகம் குறிப்பிடுகிறது என்று, ஏதோ வழக்கத்தை விவரிப்பதுபோலக் கண்ணில் படாமல் போகிறது. கட்டத்தில் நாலு வடிவம் போட்டீர்களே, ஐந்தாவதை எங்கே வைத்தீர்கள்? கட்டாயத்தின் சாயலே இல்லாத, நாட்டிலேயே வலுவான அந்தக் கட்டாயத்தை?

என் வகுப்பில் இப்போது சப்ஜன்க்டிவுக்கு முன்னால் இரண்டு கேள்விகளைச் சொல்லிக்கொடுக்கிறேன். ‘கீ ல தமாந்த்?’, யார் கேட்கிறார்கள். ‘செ எக்ரீ ஊ?’, எங்கே எழுதியிருக்கிறது. இரண்டும் ஏ1 இலக்கணம்தான், முதல் மாதத்துப் பிள்ளையும் சொல்லலாம். சொல்லும் தொனியையும் பழக்குகிறோம்: குரலை உயர்த்தாமல், சிரித்த முகத்தோடு, பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு. ‘வேணுமாம்’ என்று சொன்ன அக்காவுக்கு இரண்டாவது கேள்விதான் பிடித்திருக்கிறது. ‘எக்ரீ’யில் இருக்கும் அந்தத் தொண்டை ‘ர’தான் இன்னும் சரியாக வரவில்லை.